கூனி தின்னும் கல்

வீட்டுக்கு வருகிறவர்கள் ஹாலில் இருக்கும் கடல்நீர்த் தொட்டியைப் பார்த்ததும் முதலில் கோமாளி மீனைக் கொண்டாடுவார்கள். அடுத்த நிமிஷம் கேள்வி வரும்: "பவளம் ஏன் வைக்கலை? யூட்யூப்ல எல்லாரும் கலர் கலரா வெச்சிருக்காங்களே?" செங்கல்பட்டில் பஸ் ஏறினால் திருக்கழுக்குன்றம் வழியாக ஒரு மணி நேரத்தில் மாமல்லபுரம் கடற்கரை. இவ்வளவு பக்கத்தில் கடலை வைத்துக்கொண்டு ஒரு துண்டு பவளம் கிடைக்காதா என்கிற ஆதங்கமும் அந்தக் கேள்விக்குள் இருக்கும்.

பதில் இரண்டு. ஒன்று, சட்டம் விடாது. இன்னொன்று, நம்ம பக்கத்துக் கடலில் பவளத் திட்டு கிடையாது. ஏன் கிடையாது என்று தோண்டப் போனால்தான் விஷயம் சுவாரசியமாகிறது. நம் கடலில் பவளத் திட்டு வளராததற்கும், வெளிநாட்டில் ஆசை ஆசையாக வாங்கி வைத்த பவளம் வீட்டுத் தொட்டியில் செத்துப்போவதற்கும் காரணம் கிட்டத்தட்ட ஒன்றுதான். சாப்பாடு. குறைவாக இருப்பது அல்ல, கூடுதலாக இருப்பது.

சட்டத்தை முதலில் முடித்துவிடுவோம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2001ஆம் ஆண்டு கல் பவளங்கள் அத்தனையும் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலியும் யானையும் இருக்கிற அதே அட்டவணை. கூடவே கறுப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி எல்லாம் உள்ளே வந்துவிட்டன. பிடிபட்டால் 3 முதல் 7 ஆண்டுவரை சிறை; 2022 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. உயிரோடு இருந்தாலும் செத்து வெளுத்த கிளையாக இருந்தாலும் கதை ஒன்றுதான். ஒரு காலத்தில் நம் வீட்டு ஷோகேஸ்களில் தஞ்சாவூர் பொம்மைக்குப் பக்கத்தில் வெள்ளைப் பவளக் கிளை ஒன்று நிற்கும், ஞாபகம் இருக்கிறதா? இன்றைக்கு அதை வாங்குவதும் விற்பதும் குற்றம்.

இவ்வளவு கடுமை எதற்கு என்றால், மன்னார் வளைகுடாவில் நடந்ததைப் பார்க்க வேண்டும். தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம்வரை வரிசையாகக் கிடக்கும் 21 தீவுகளைச் சுற்றித்தான் தமிழ்நாட்டின் பெரும்பாலான பவளத் திட்டுகள். அங்கே பல பத்தாண்டுகள் பவளக்கல்லை வெட்டி எடுத்து, சுண்ணாம்புக் காளவாய்க்கும் ஆலைகளுக்கும் படகு படகாக அனுப்பினார்கள். 1986இல் கடல்வாழ் தேசியப் பூங்காவாக அறிவித்த பிறகும் அது உடனே நிற்கவில்லை. திட்டு போனதும் அலையைத் தடுக்க ஆளில்லாமல் மண் கரைந்தது. விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போயே போய்விட்டன. அதற்கப்புறம்தான் பவளம் கல் இல்லை, உயிர் என்று அரசாங்கக் காகிதத்தில் ஏறியது.

ஆக, என் தொட்டியில் இருப்பது பண்ணையில் பொரித்த கோமாளி மீன் மட்டும்தான். மண்டபத்தில் இருக்கும் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையமும், பரங்கிப்பேட்டையில் இருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீனைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்துக் குஞ்சு வளர்க்கும் வித்தையைப் பழகி, ஊருக்கும் கற்றுக்கொடுத்துவிட்டன. கடலிலிருந்து பிடிக்கத் தேவையில்லாத மீன் என்பதால் எனக்கும் உறுத்தல் இல்லை.

"அப்போ பவளத்தைப் பத்தி நீ என்னத்தை எழுதப் போறே?" என்று கேட்பீர்கள். எனக்கு ஸ்கார்பரோவில் ஒரு தம்பி இருக்கிறான்.

ராத்திரிச் சாப்பாடு

சித்தி மகன். கனடா போய் வேலை, வீடு, பனி எல்லாம் பழகிய பிறகு, கடல் இல்லாத ஏக்கத்தில் ஒரு கடல் தொட்டி வைத்தான். அங்கே பண்ணையில் வெட்டி வளர்த்த பவளத் துண்டுகளைச் சட்டப்படி வாங்கலாம். ஃப்ராக் என்பார்கள். நான் இங்கே காலைக் காபியோடு உட்காரும்போது அவனுக்கு ராத்திரி ஒன்பதரை. தொட்டியின் பெரிய விளக்குகள் அணைந்து, மங்கலான நீல வெளிச்சம் மட்டும் இருக்கும். அதுதான் பவளங்களுக்குச் சாப்பாட்டு நேரம். வீடியோ காலைப் போட்டுவிட்டு போனைக் கண்ணாடிமேல் ஒட்டவைத்த மாதிரி பிடிப்பான்.

"அக்கா, இப்பப் பாரு. இன்னும் ஒண்ணுமே போடலை. வாசனை மட்டும் காட்டறேன்."

உறைந்த மைசிஸ் இறால் கட்டியைத் தொட்டித் தண்ணீரிலேயே கரைத்து வைத்திருப்பான். அந்தச் சாறிலிருந்து ஒரு சொட்டு. ஒரு நிமிஷம் ஒன்றும் நடக்காது. பிறகு, பகலில் வழவழவென்று உருண்டையாக உப்பிக் கிடந்த மூளைப் பவளம் மெல்ல வடிய ஆரம்பிக்கும். சதை மடிப்புகளின் ஓரத்தில் வரிசையாகக் கொட்டும் கைகள் எட்டிப் பார்க்கும், கண்ணாடி நூல் மாதிரி, நுனியில் ஒரு வெள்ளைப் புள்ளியோடு. மூக்கு இல்லை, கண் இல்லை, மூளையும் இல்லை (பெயரில் மட்டும்தான் மூளை). ஆனால் சாப்பாடு வந்துவிட்டது என்று தெரிந்துவிட்டது. இறால் சதையிலிருந்து கசியும் புரோலின் என்ற அமினோ அமிலமும் குளூட்டாதயோன் என்ற பொருளும்தான் தூது. 1968இலேயே ஹவாய்ப் பவளங்களை வைத்து இதைக் காட்டியிருக்கிறார்கள்: வெறும் தண்ணீரில் இந்தப் பொருட்களில் கொஞ்சம் கலந்தால் போதும், தின்ன ஒன்றும் இல்லாமலே பவளம் வாயைத் திறக்கும்.

அடுத்து பிப்பெட்டால் ஒவ்வொரு மைசிஸாக விடுவான். கைமேல் விழுந்ததும் இறால் ஒட்டிக்கொள்ளும். அந்தக் கைகளில் ஆயிரக்கணக்கான கொட்டும் செல்கள். தொட்ட நொடியில் சுருள் ஊசி வெடித்துக் குத்தும். இரை துடித்தாலும் தப்பாது. பிறகு கை வளைந்து, பக்கத்துக் கைக்குக் கொடுத்து, அது அடுத்ததற்குக் கொடுத்து, மூன்று நான்கு நிமிஷத்தில் நடுவிலிருக்கும் வாய்க்கு வந்து சேரும். வாய் என்றால் ஒரு பிளவு. அது விரிந்து, இறாலை முழுசாக இழுத்துக்கொண்டு மூடும். மறுநாள் அதே பிளவு வழியாகப் பழுப்பு உருண்டையாகக் கழிவு வரும். உள்ளே போகவும் வெளியே வரவும் ஒரே வாசல்தான் பவளத்துக்கு.

இந்த மூன்று நான்கு நிமிஷத்தில் பெரிய வில்லன் தொட்டியிலேயே இருக்கும் சுத்தக்கார இறால். பவளத்தின் வாய்க்குள் பாதி போன மைசிஸைக் காலால் பிடுங்கித் தின்றுவிட்டுப் போகும். தம்பி மகள் இதைப் பார்த்துவிட்டு, "அத்தை, திருடன் வந்துட்டான்!" என்று கத்துவாள். அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறான்: பிளாஸ்டிக் பாட்டிலின் மேல்பாதியை வெட்டி, பவளத்தின்மேல் கூடாரமாகக் கவிழ்த்து, மூடி இருக்கும் ஓட்டை வழியாகப் பிப்பெட்டை விட்டு ஊட்டுவது. கால் மணி நேரம் கழித்துக் கூடாரத்தை எடுத்துவிடுவான்.

எல்லாப் பவளமும் இப்படி வாய் திறந்து வாங்காது. பெரிய வாய்க்காரர்களான மூளைப் பவளம், சுத்தியல் பவளம் இவற்றுக்கு மைசிஸ் சரி. கிளை கிளையாக வளரும் அக்ரோபோராவில் பாலிப், அதாவது வாயும் கைகளும் கொண்ட ஒவ்வொரு குட்டி உயிரும், குண்டூசித் தலை அளவுதான். அதற்கு ரோட்டிஃபர், ஆர்ட்டீமியாக் குஞ்சு மாதிரிப் பொடிப் பொடியான இரை வேண்டும். சில இனங்கள் சளியை வலையாக விரித்துத் துகளைப் பிடித்து, மேல்தோலில் இருக்கும் நுண்மயிர்களால் வாய்க்கு ஓட்டிக்கொண்டு போகும். இன்னும் சில, குடலிலிருந்து நூல்களை வெளியே விட்டு, பக்கத்தில் இருக்கும் வேறு இனப் பவளத்தையே வெளியில் வைத்துச் செரித்துவிடும். அதனால்தான் தொட்டியில் இரண்டு பவளத்துக்கு நடுவே ஒரு சாண் இடமாவது விடச் சொல்கிறார்கள். சுத்தியல் பவளத்தின் நீளக் கைகள் ராத்திரியில் எவ்வளவு தூரம் துழாவும் என்பது பகலில் பார்த்தால் தெரியாது.

இந்த மைசிஸைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நம்ம ஊர்க் கூனிதான் ஞாபகம் வரும். செங்கல்பட்டு மார்க்கெட்டில் கருவாட்டுக் கடைக்காரம்மா படியில் அளந்து கொடுக்கும் சென்னாக்கூனி. உயிரோடு இருக்கும்போது அது இந்தக் கரையோரம் கூட்டம் கூட்டமாக மிதக்கும் பொடி இறால். பவளத்துக்குப் பிடித்த சாப்பாட்டை நாம் கத்திரிக்காயோடு போட்டுக் குழம்பு வைக்கிறோம்.

யார் சோறு போடுவது?

பவளம் இப்படி வேட்டையாடித்தான் பிழைக்கிறதா என்றால், இந்தக் கேள்விக்கு ஒரு பெரிய சண்டையே நடந்திருக்கிறது. 1928-29இல் சி. எம். யங் தலைமையில் ஒரு பிரிட்டிஷ் குழு ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டுக்குப் போய், லோ ஐல்ஸ் என்ற தீவில் முகாமிட்டு ஒரு வருடத்துக்கும் மேல் உட்கார்ந்தது. பவளத்தின் சதைக்குள் பழுப்பு நிறத்தில் நுண்பாசிகள் குடியிருப்பது அப்போதே தெரியும். யங் பவளங்களை இருட்டில் அடைத்து வைத்தார். பாசி போய்விட்டது, ஆனால் இரை போட்டுக்கொண்டிருந்தவரை பவளம் பிழைத்தது. இரை இல்லாமல் வைத்தவை வாடின. பவளம் மாமிசம் தின்னும் பிராணி, பாசி அதற்குச் சோறு போடுவதில்லை, கழிவை எடுத்துக்கொள்ளும் குடித்தனக்காரன் அவ்வளவுதான் என்று முடிவு கட்டினார்.

பின்னால் வந்தவர்கள் கதிரியக்கக் கார்பனை வைத்துத் தடம் பிடித்தார்கள். 1969இல் மஸ்கட்டீனும் செர்னிச்சியாரியும், பாசி ஒளிச்சேர்க்கையில் செய்த சர்க்கரைப் பொருட்கள் பவளத்தின் சதைக்குள் நேராகப் போய்ச் சேருவதைக் காட்டினார்கள். வெயில் நன்றாக இருக்கும் ஆழமில்லாத நீரில் பவளத்தின் அன்றாட ஆற்றலில் 90 விழுக்காட்டுக்கு மேல்கூடப் பாசி கொடுக்க முடியும் என்று பிற்பாடு கணக்கு வந்தது. அப்படியே ஊசல் மறுபக்கம் போய், வீட்டுத் தொட்டிக்காரர்களிடம் "பவளத்துக்கு நல்ல லைட் போதும், சாப்பாடே வேண்டாம்" என்ற நம்பிக்கை பரவிவிட்டது.

பாசி கொடுப்பது வெறுஞ்சோறு. வயிறு நிறையும், உடம்பு தேறாது. அந்தச் சர்க்கரையில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் மிகக் குறைவு. சதை வளரவும், முட்டை கட்டவும், புண் ஆறவும் வேண்டிய புரதம் கூனியில்தான் இருக்கிறது. மொனாக்கோ அறிவியல் மையத்தில் ஸ்டைலோஃபோரா என்ற பவளத்தை இரண்டு கூட்டமாக வைத்து, ஒன்றுக்கு மிதவையுயிரி (நீரில் மிதக்கும் பொடி உயிர்கள்) போட்டு, மற்றதைப் பட்டினி போட்டார்கள். 2004இல் வெளியான முடிவு: சாப்பிட்ட கூட்டம் 50 முதல் 75 விழுக்காடு கூடுதல் வேகத்தில் சுண்ணாம்பு கட்டியது. வெளிச்சம் இரண்டுக்கும் ஒன்றே. நலமாக இருக்கும் பவளம் தன் அன்றாடத் தேவையில் 15 முதல் 35 விழுக்காடுவரை வேட்டையிலிருந்து எடுக்கிறது என்பது பொதுவான கணிப்பு.

2023 ஆகஸ்டில் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் யோர்க் வீடன்மான், செசிலியா டி'ஆஞ்செலோ குழு இன்னொன்றைக் கண்டுபிடித்தது. பவளம் தன் உடம்பில் குடியிருக்கும் பாசியிலேயே மிகையானதைச் செரித்துத் தின்கிறது. தண்ணீரில் கரைந்திருக்கும் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் பாசி உறிஞ்சிப் பெருகும். பவளம் அதை அறுவடை செய்யும். ஆக யங் சொன்னதிலும் பாதி உண்மை, மறுத்தவர்கள் சொன்னதிலும் பாதி உண்மை. பவளம் வேட்டையாடும், விவசாயமும் பண்ணும்.

நம் கடலில் ஏன் இல்லை

மிதவையுயிரிதான் பவளத்துக்குச் சாப்பாடு என்றால், நம் கரையில் பவளம் கொழித்திருக்க வேண்டும். முட்டுக்காட்டிலிருந்து சதுரங்கப்பட்டினம்வரை கடலில் சாப்பாட்டுக்குப் பஞ்சமே இல்லை. கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்குக் குளிர்நீர் எடுக்கக் கடலுக்கடியில் 468 மீட்டர் நீளத்துக்கு ஒரு சுரங்கம் இருக்கிறது. அதன் சுவரெல்லாம் பச்சை ஆழியும் கொட்டலசும் மண்டிக்கொள்வது அங்கே ஆரம்பத்திலிருந்தே தலைவலி. மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலுக்கு எதிரே 500 முதல் 700 மீட்டர் தூரத்தில், 5 முதல் 8 மீட்டர் ஆழத்தில், 2002இல் தேசியக் கடலியல் நிறுவனத்தின் முக்குளிப்பாளர்கள் கட்டுமான எச்சங்களைத் தேடி இறங்கியபோதும், கல் தெரியாத அளவுக்குக் கடல் உயிர்கள் படர்ந்திருந்தன. தண்ணீர் கலங்கலாக இருந்ததால் பார்வையும் எட்டவில்லை.

வடிகட்டித் தின்னும் சிப்பிக்கு இது சொர்க்கம். பவளத்துக்கு அல்ல. தண்ணீரில் துகள் அதிகம் என்றால் வெளிச்சம் கீழே போகாது. பாசிக்கு வேலை இல்லை. மேலே விழும் வண்டலைச் சளியால் தள்ளித் தள்ளியே பவளத்தின் தெம்பெல்லாம் போய்விடும். சத்து அதிகமான நீரில் கடற்பாசியும் சிப்பியும் அதைவிட வேகமாக வளர்ந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அடியில் இருப்பதோ பெரும்பாலும் ஓடும் மணல். மீனவர்கள் பார் என்று சொல்லும் பாறைத் திட்டுகள் அங்கங்கே உண்டு. மீன் கிடைக்கும் இடமென்று நினைவில் வைத்திருப்பார்கள். ஆனால் தலைமுறை தலைமுறையாகச் சுண்ணாம்பு கட்டி உயர்ந்த திட்டு இல்லை.

போதாக்குறைக்கு, ஐப்பசி கார்த்திகை மழை. கோடையில் ஆயிரத்துக்கு 34, 35 பங்கு இருக்கும் உப்பளவு, வடகிழக்குப் பருவமழையில் 30க்கும் கீழே இறங்கிவிடும். கல்பாக்கத்துக் கடல் அளவீடுகளில் 25ஐ ஒட்டியும் பதிவு உண்டு. இங்கே பெய்யும் மழை மட்டும் காரணமல்ல. அந்த மாதங்களில் கரையோர நீரோட்டம் தெற்கு நோக்கித் திரும்பி, கங்கையும் பிரம்மபுத்திராவும் வங்கக் கடலில் கொட்டிய நன்னீரை நம் கரைவரை இழுத்துக்கொண்டு வருகிறது. எடையூர், சதுரங்கப்பட்டினம் கழிமுகங்களும் அப்போதுதான் கடலோடு திறந்துகொள்ளும். என் தொட்டிக்கு ஈ.சி.ஆர். பக்கத்திலிருந்து கேனில் கடல்நீர் கொண்டுவரும் பழக்கம் எனக்கு உண்டு. மாசி முதல் ஆடிவரை மட்டும். மற்ற மாதங்களில் ஆர்.ஓ. தண்ணீரில் பொட்டல உப்பைக் கலக்கிக்கொள்வேன். மீன் அந்த ஏற்ற இறக்கத்தை ஓரளவு தாங்கும். பவளம் தாங்காது.

பவளத் திட்டுகள் உலகத்தில் எங்கே செழிக்கின்றன என்று பாருங்கள்: பளிங்குபோலத் தெளிந்த, சத்தே இல்லாத நீலக் கடலில். பகலில் வெயில், ராத்திரியில் ஆழத்திலிருந்து மேலே வரும் கொஞ்சம் மிதவையுயிரி. கிடைத்ததை விடாமல் பிடித்து, பாசியும் பவளமும் மாற்றி மாற்றிச் சுழற்றிக்கொள்ளும். கொஞ்சமாகக் கிடைக்கும் இடத்தில் வாழப் பழகிய உயிர் அது. அள்ளிக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடே ஒருமுறை நேரில் பார்த்தது.

பூங்கோரை வந்த வருடம்

2019 ஆகஸ்டில் ஒரு ராத்திரி சென்னைக் கரையோரம் அலையெல்லாம் நீலமாக ஒளிர்ந்தது, ஞாபகமிருக்கும். பைக்கை எடுத்துக்கொண்டு ஊரே கடற்கரைக்கு ஓடியது. ஒளிர்ந்தது நாக்டிலூகா என்ற ஒற்றைச் செல் உயிரி. அடுத்த மாதமே அதே நாக்டிலூகா மண்டபம் பக்கம் மன்னார் வளைகுடாவில் பெருகி, கடலைப் பச்சையாக்கியது. அங்கத்திய மீனவர்கள் இதைப் பூங்கோரை என்பார்கள். மீன்கள் செத்துக் கரை ஒதுங்கின.

தூத்துக்குடியில் இருக்கும் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தினர் சிங்கில் தீவைச் சுற்றி முக்குளித்துப் பார்த்தார்கள். நீரில் கரைந்த ஆக்ஸிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் கீழே போயிருந்தது. அக்ரோபோரா, மாண்டிபோரா, போசில்லோபோரா என்று வேகமாக வளரும் கிளைப் பவளங்கள்தான் அதிகம் செத்தன. யாரும் விஷம் வைக்கவில்லை, தண்ணீர் கொதிக்கவுமில்லை. மிதவையுயிரி அளவுக்கு மீறிப் பெருகி, மடிந்து, அழுகி, மூச்சுக்காற்றைத் தின்றுவிட்டது. 2020இல் வந்த அவர்களுடைய கட்டுரையின் தலைப்பே குறைந்த ஆக்ஸிஜனைத்தான் குற்றவாளியாகச் சொல்கிறது.

வீட்டுத் தொட்டியில் நடப்பது இதன் சின்ன வடிவம். ஆசையில் ரெண்டு கட்டி மைசிஸை மொத்தமாகப் போட்டுவிட்டுத் தூங்கப் போவார்கள். பவளம் தின்றது போக மிச்சம் கல்லிடுக்கில் அழுகும். பாக்டீரியா பெருகும். ராத்திரியில் பாசி ஒளிச்சேர்க்கை செய்யாது, மாறாக அதுவும் சேர்ந்து ஆக்ஸிஜனை இழுக்கும். விடியற்காலை நான்கு மணிக்குத் தொட்டியில் ஆக்ஸிஜன் மிகக் கீழே இருக்கும். அந்த நேரம் பார்த்து மோட்டார் நின்றால் முடிந்தது. காலையில் பார்த்தால் பவளம் சதை உரிந்து வெள்ளை எலும்பாக நிற்கும். "நேத்து ராத்திரிகூட நல்லா சாப்பிட்டுச்சே" என்பார்கள். சாப்பிட்டது சரி, மிச்சம் வைத்ததுதான் கொன்றது.

வெளுத்த பவளத்தின் பசி

அதற்காகச் சாப்பாடே போடாமல், நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யம் காட்டும்வரை வடிகட்டினால் போதுமா? அதுவும் ஆகாது. வீடன்மான் குழுவே 2013இல் காட்டியது: நைட்ரேட் ஏறி பாஸ்பேட் மட்டும் இல்லாமல் போனால், பவளம் சூட்டுக்கும் வெயிலுக்கும் சீக்கிரம் வெளுத்துப்போகிறது. பாசி பட்டினி கிடந்து பழுதாகி, பவளத்தை விட்டுப் போய்விடும்.

வெளுத்த பவளம் உடனே செத்ததாக அர்த்தம் இல்லை. சோறு போடுகிற குடித்தனக்காரன் போய்விட்டான். இனி வேட்டை மட்டும்தான். இதில் எல்லாப் பவளமும் ஒன்றல்ல. 2006இல் ஆண்ட்ரியா க்ரோட்டோலி குழு ஹவாயில் பார்த்தது: மாண்டிபோரா கேபிடேட்டா என்ற பவளம் வெளுத்ததும் இரை பிடிப்பதைப் பல மடங்கு கூட்டி, அன்றாடத் தேவை முழுவதையும் வேட்டையிலேயே ஈடு கட்டியது. பக்கத்தில் இருந்த போரைட்டஸ் இனங்கள் அப்படிச் செய்யவில்லை. சேமிப்பைக் கரைத்தே காலம் தள்ளின.

மன்னார் வளைகுடாவில் சித்திரை வைகாசியில் நீர்ச்சூடு 30 டிகிரியைத் தாண்டி வாரக்கணக்கில் நின்றால் வெளுப்பு ஆரம்பிக்கும். 1998, 2010, 2016 மூன்றும் மோசமான வருடங்கள். 2016க்கு முன் 38.9 விழுக்காடாக இருந்த உயிர்ப்பவளப் பரப்பு அதன்பின் 22.7க்கு இறங்கியது. 2024 ஏப்ரலில் உலகம் முழுக்க நான்காவது பெருவெளுப்பு நடக்கிறது என்று அமெரிக்கக் கடல் வளிமண்டல அமைப்பான நோவா அறிவித்தது. அந்த நிலையில் ஒவ்வொரு பவளமும் எவ்வளவு கூனி பிடிக்க முடியும் என்பதுதான் பிழைப்பதா சாவதா என்பதைத் தீர்மானிக்கும் பல விஷயங்களில் ஒன்று.

பிடிப்பது கூனியாகவே இருக்க வேண்டும் என்றும் இல்லை. 2017இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் பவளத்துக்கு மணலையும் நுண்பிளாஸ்டிக்கையும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். மணலைத் துப்பியது, பிளாஸ்டிக்கை விழுங்கியது. அதிலும் பாக்டீரியா படிந்த பழைய பிளாஸ்டிக்கைவிடப் புதுப் பிளாஸ்டிக் அதற்குப் பிடித்திருந்தது. பிளாஸ்டிக்கில் இருக்கும் ஏதோ ரசாயனமே அதற்குச் சாப்பாட்டு வாசனை. பெரும்பாலானதைச் சில மணி நேரத்தில் துப்பிவிட்டாலும், சுமார் 8 விழுக்காடு ஒரு நாளுக்கு மேலும் வயிற்றிலேயே தங்கியது. கடற்கரையில் கிடக்கும் ஷாம்பு பாக்கெட் அரைபட்டுப் பொடியானால் எங்கே போகும் என்று இப்போது தெரிகிறதா?

தொட்டி வைத்திருக்கும் வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு

தம்பியோடு பேசிப் பேசி நாங்கள் இருவரும் வந்து சேர்ந்த வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். கனடாவிலோ சிங்கப்பூரிலோ சட்டப்படி பவளம் வைத்திருப்பவர்களுக்கு உதவும்.

வாரம் இரண்டு தரம் போதும். விளக்கு அணைந்து ஒரு மணி நேரம் கழித்து. முதலில் வாசனை, கை நீண்ட பிறகு இரை. கை நீட்டாத பவளத்துக்குப் போடாதீர்கள். அது கெட்டுப்போகப் போகிற உணவு. பெரிய வாய்க்கு இரண்டு மூன்று மைசிஸ், அவ்வளவுதான். கட்டியைக் கரைத்த தண்ணீரில் வாசனைக்கு ஒரு சொட்டு போக மீதியை வடிகட்டிக் கொட்டிவிடுங்கள். அலை மோட்டாரைப் பத்து நிமிஷம் நிறுத்தலாம். மறுபடி போட மறக்கக் கூடாது. தரையில் விழுந்த மிச்சத்தைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டுத்தான் படுக்கப் போக வேண்டும். கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் ஸ்கிம்மர் ஓடட்டும். மின்வெட்டுக்குப் பேட்டரி ஏர்பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும்.

லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் நைட்ரேட் 2 முதல் 10 வரை, பாஸ்பேட் 0.03 முதல் 0.1 வரை இருந்தால் கவலையில்லை. பூஜ்யத்துக்கு ஆசைப்படாதீர்கள். கால்சியம் 420ஐ ஒட்டி, மக்னீசியம் 1300ஐ ஒட்டி, காரத்தன்மை 8 டிகேஹெச் அளவில் இருக்கட்டும். இந்த எண்களைப் பிடிப்பதைவிட அவை நாளுக்கு நாள் குதிக்காமல் பார்த்துக்கொள்வது முக்கியம். சாப்பிட்டு வளரும் பவளம் கால்சியத்தையும் காரத்தையும் வேகமாக இழுக்கும் என்பதால், ஊட்டத்தைக் கூட்டினால் சோதனையையும் கூட்ட வேண்டும்.

பட்டினியின் அடையாளம் சதை மெலிந்து உள்ளிருக்கும் சுண்ணாம்புத் தகடுகள் வரிவரியாகத் தெரிவது. நோயின் அடையாளம் வேறு. சுத்தியல் பவளத்தின்மேல் பழுப்புக் கூழ் மாதிரி படர்ந்து நாற்றமடித்தால், அது ஒரு நாளில் அடுத்த தலைக்குத் தாவும். கூழை உறிஞ்சி எடுத்து, கெட்ட தலையை வெட்டி, மீதியைத் தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். நோய்ப்பட்ட பவளத்துக்கு ஊட்டித் தேற்றப் பார்ப்பது பலிக்காது. அது வாங்காது, தண்ணீர்தான் கெடும்.

இங்கே இருப்பவர்களுக்கு ஒரே ஒரு சேதி. "பவளத் துண்டு இருக்கு, வேணுமா" என்று வாட்ஸாப்பில் போட்டோ அனுப்புகிறவர்கள் உண்டு. வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சிறை ஒரு காரணம். இன்னொரு காரணம், ஒரு துண்டை உடைத்து, கேனில் அடைத்து, ராத்திரி பஸ்ஸில் ஏற்றி, நம் சூட்டில் ஒரு தொட்டியில் போட்டால் அது சாப்பிட்டுத் தேறும் அளவுக்கு உயிரோடு இருப்பதே அரிது. பவளத்தைப் பார்க்க ஆசை இருந்தால் மண்டபம் பக்கம் போங்கள். வனத்துறைப் படகில் குருசடைத் தீவுவரை போய்வரலாம். தூத்துக்குடிப் பக்கம் 2002 முதல் உடைந்த பவளத் துண்டுகளைச் சிமெண்ட் பலகைகளில் கட்டிக் கடலுக்கடியில் வைத்து வளர்க்கிறார்கள். அந்தத் துண்டுகளுக்கு யாரும் பிப்பெட்டில் ஊட்டுவதில்லை. ராத்திரியானால் தாமே கை நீட்டிப் பிடித்துக்கொள்கின்றன. அவற்றுக்கு நம்மிடமிருந்து வேண்டியதெல்லாம் சாக்கடையும் உரமும் பிளாஸ்டிக்கும் கலக்காத தண்ணீர்தான். தம்பி ஒரு தொட்டியில் வாரம் இரண்டு தரம் உட்கார்ந்து உறிஞ்சி எடுக்கும் மிச்சத்தை, நாம் முட்டுக்காட்டு முகத்துவாரத்தில் தொடங்கி ராமேஸ்வரம்வரை கடலுக்குள் விட்டுக்கொண்டிருக்கிறோம். அதை எடுக்கிற குழாய் யாரிடமும் கிடையாது.